வியப்புரையும் இடங்கோரலும்: மீத்திறன் குழந்தைக்காகப் பரிந்துரைத்தல் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

தன்னொத்த வயதினர் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கையில், மூன்றாம் ஆண்டுப் பாடநூலைத் தங்குதடையின்றிப் படித்துப் பொருளும் கூறிவிடும் ஏழு வயதுக் குழந்தையை எந்த வகுப்பில் அமர்த்துவது? பள்ளி நிருவாகத்திற்கு இது விதிமுறை பற்றிய வினா. பெற்றோருக்கு இது பிள்ளையின் எதிர்காலம் பற்றிய வினா. குழந்தைக்கோ இது, முன்னரே தெரிந்தவற்றை மீண்டும் கேட்டுக்கொண்டு நாள்தோறும் பல மணி நேரத்தை எவ்வாறு கழிப்பது என்னும் வினா.

இம்மூவரின் வினாக்களும் சந்திக்கும் இடமே பரிந்துரை. குழந்தையின் பொருட்டுப் பெற்றோரோ வகுப்பாசிரியரோ பள்ளியிடம் முறையாக முன்வைக்கும் கோரிக்கை என்னும் பொருளிலேயே இச்சொல்லை ஈண்டு ஆள்கிறோம். மீத்திறன் மாணவரின் உளவியல் குறித்தும் அவர்களுக்கான பாடத்திட்டம் குறித்தும் கட்டுரைகள் பல வந்துள்ளன. அவர்களுக்காகப் பேசும் மொழி குறித்து நாம் போதிய கவனம் செலுத்தியதில்லை. எத்தகைய சொற்களால் ஒரு குழந்தையின் திறம் எடுத்துரைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே அக்குழந்தைக்குக் கிடைக்கும் இடமும் அமைகிறது. ஆகவே, இதனைத் திறனாய்வின் எல்லைக்குள் கொணர்வது பொருந்தும் எனக் கருதுகிறோம்.

தமிழ்ச் சூழலில் அறிவுக் கூர்மையுள்ள குழந்தையைப் பற்றிப் பேசுவதற்கு இரண்டு மரபுகள் உள்ளன. ஒன்று வியப்பின் மரபு. மற்றொன்று கற்பித்தலின் மரபு. நம் பரிந்துரைகள் பெரும்பாலும் முன்னதன் மொழியில் எழுதப்படுகின்றன. பள்ளியோ பின்னதன் மொழிக்கே விடையளிக்க இயலும். இக்கருத்தை இலக்கியச் சான்றுகளாலும் மலேசிய, சிங்கப்பூர்க் கல்வி வரலாற்றாலும் நிறுவ முற்படுகிறோம்.

வியப்பின் மரபு

குழந்தை அறிஞர் என்றவுடன் தமிழர் நெஞ்சில் தோன்றுபவர் திருஞானசம்பந்தர். சீகாழித் திருக்குளக்கரையில் மூன்றாண்டுப் பருவத்தில் உமையம்மையின் ஞானப்பாலுண்டு பதிகம் பாடத் தொடங்கினார் என்று சேக்கிழார் விரித்துரைக்கிறார். 17-ஆம் நூற்றாண்டினரான குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசாதிருந்து, திருச்செந்தூர் முருகன் அருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது மரபுவழிச் செய்தி. இவ்வரலாறுகளில் அறிவு அருளாக வந்து சேர்கிறது. முழுமையாக வந்து சேர்கிறது. அருள் பெற்ற பிள்ளைக்கு அடுத்து எதைக் கற்பிப்பது என்னும் வினா அங்கே எழுவதேயில்லை. சமய நோக்கில் அது குறையுமன்று; அவ்வரலாறுகளின் நோக்கம் வேறு.

பிள்ளைத்தமிழ் இலக்கியத்தையும் இவ்விடத்தில் நோக்கலாம். பாட்டுடைத் தலைவரைக் குழந்தையாகப் பாவித்து, மூன்றாம் திங்கள் தொடங்கி இருபத்தோராம் திங்கள் வரை பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடுவது அதன் இலக்கணம். ஒப்பற்ற குழந்தை என்று பாடப்படும் தலைவரும் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று வரிசை பிறழாமலே வளர்கிறார். குழந்தையின் பெருமைக்கு எல்லையில்லை. எனினும் பருவ வரிசையில் மாற்றமில்லை.

இன்றைய நம் நடைமுறையும் இதனை ஒத்தே இருக்கக் காண்கிறோம். குறள்களை வரிசையாக ஒப்பிக்கும் சிறுவனுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். நாளிதழில் படம் வெளியிடுகிறோம். ஆலய விழாவில் மேடையேற்றுகிறோம். மறுநாள் காலை அச்சிறுவன் தான் பாலர் பள்ளியிலேயே கற்றுத் தேறிய உயிர்மெய் வரிசையை எழுதுவதற்காக அதே இருக்கையில் அமர்கிறான். வியப்பு அவனுக்கு மாலை சூட்டிற்று. அவன் கற்றலை ஓரடியும் முன்நகர்த்தவில்லை.

கற்பித்தலின் மரபு

இரண்டாம் மரபுக்குச் சான்றாவது நன்னூற் பொதுப்பாயிரம். பவணந்தி முனிவர் பாடஞ்சொல்லும் முறையை வகுக்கையில், ஆசிரியன் காலமும் இடமும் அறிந்து, சொல்ல வேண்டியதை முன்னரே உள்ளத்தில் அமைத்துக்கொண்டு, விரையாமல், வெகுளாமல், மாணாக்கன் ஏற்றுக்கொள்ளும் திறத்தைத் தெரிந்து, அவன் உள்ளம் கொள்ளுமாறு கற்பிக்க வேண்டும் என்கிறார். இங்கு வயது பற்றிய பேச்சில்லை. மாணாக்கனின் ஏற்புத்திறத்தை அறிவது அவனுக்குக் காட்டும் சலுகையன்று. ஆசிரியனின் கடமைகளுள் ஒன்றாகவே அது வைக்கப்பட்டுள்ளது. இவ்வேறுபாடு கூர்ந்து நோக்கத்தக்கது.

மாணாக்கரை அன்னம், பசு எனவும், மண், கிளி எனவும், இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி எனவும் தலை, இடை, கடை என நன்னூல் பகுப்பதும் கற்கும் பாங்கினைக் கொண்டேயன்றி அகவையைக் கொண்டன்று. ஆயினும், நன்னூலை முழுமையாக ஏற்பதிலும் இடர் உண்டு. கற்பிக்கத் தகாதார் பட்டியலில் அது மந்தனையும் பிணியாளனையும் சேர்த்துவிடுகிறது. இன்றைய பள்ளி எவரையும் விலக்க இயலாது, விலக்கவும் கூடாது. ஆகவே, ஏற்புத்திறம் அறிந்து கற்பித்தல் என்னும் கொள்கையை ஏற்று, தகுதியற்றோரை விலக்கும் பட்டியலை நாம் கைவிடுகிறோம். அவ்வாறு கொள்ளும்போது மெல்லக் கற்கும் மாணவருக்கும் மீத்திறன் மாணவருக்கும் நாம் வேண்டுவது ஒன்றே என்பது புலப்படும். அவரவர் நிற்கும் இடத்திலிருந்து பாடம் தொடங்க வேண்டும் என்பதே அது.

புறநானூற்றின் 183-ஆம் பாடலும் இங்கு நினைவுக்கு வரும். ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடிய அப்பாடல், ஒரு குடியிற் பிறந்தோருள் மூத்தவனை அழைக்காமல் அறிவுடையவன் காட்டும் வழியிலேயே அரசு செல்லும் என்கிறது. வகுப்பேற்றத்திற்கு ஆதரவாக இதனைக் காட்டுவோர் உளர். எனினும் அப்பாடல் பேசுவது அரசுக்கு அறிவுடையவனால் விளையும் பயனையே. அறிவுடையவனுக்கு வேண்டுவது யாது என்பதை அன்று. நாட்டின் மூலவளம் என்றும் நாளைய தலைவர் என்றும் மீத்திறன் குழந்தையைச் சுட்டும் இக்காலக் கொள்கையுரைகளும் இவ்வழியிலேயே செல்கின்றன. ஏழு வயதுக் குழந்தை நாட்டின் மூலவளம் என்பதற்காகக் கற்பிக்கப்பட வேண்டியதில்லை. அது கற்க வந்திருக்கிறது என்னும் ஒன்றே போதிய காரணம்.

நடைமுறையிலும் கற்பித்தலின் மரபு நம்மிடம் இருந்தது. 1871-ஆம் ஆண்டில் மாயூரத்திற்கு வந்து சேர்ந்த உ.வே. சாமிநாதையரை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதற்சந்திப்பிலேயே நைடதத்திலிருந்து பாடல் சொல்லிப் பொருள் கூறச் செய்தார் என்பதை ‘என் சரித்திரம்’ வழி அறிகிறோம். எவ்வளவு தெரியும் என்று கேட்டறிந்த பின்னரே பாடம் தொடங்கியது. திண்ணைப் பள்ளிகளில் வயதுவாரி வகுப்பு இருந்ததில்லை. மணலில் எழுதுவோரும் ஓலை வாசிப்போரும் ஒரே திண்ணையில் இருந்தனர். தேர்ந்தவன் சட்டாம்பிள்ளையாகி இளையோர்க்குச் சொல்லிக்கொடுத்தான். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல் என்பார், மணலில் எழுதும் வழக்கத்தை இங்குக் கண்டு தம் பள்ளியில் மேற்கொண்டு, மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்து, 1797-இல் நூலாக வெளியிட, அது ‘சென்னை முறை’ என்னும் பெயரில் இங்கிலாந்தில் பரவியது. திண்ணைப் பள்ளி பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட குடியினர்க்கும் பெரும்பாலும் கதவடைத்தது என்பதை மறவாமல், அதன் வகுப்பமைப்பில் இருந்த இந்நெகிழ்ச்சியை மட்டும் கருத்தில் கொள்கிறோம்.

ஒரு விண்ணப்பத்தின் இரு வடிவங்கள்

மேற்கண்ட இரு மரபுகளும் இன்றைய பரிந்துரையில் எவ்வாறு செயற்படுகின்றன என்பதற்கு, நம் பார்வைக்கு வந்த இரு கடிதங்களைச் சான்றாகக் கொள்கிறோம். இரண்டும் ஒரே குழந்தைக்காக, மலேசியத் தமிழ்ப்பள்ளி ஒன்றன் தலைமையாசிரியருக்கு எழுதப்பட்டவை. குழந்தை முதலாம் ஆண்டு மாணவி. பெயர்களையும் ஊரையும் தவிர்த்துள்ளோம்.

முதற்கடிதம் இரண்டு பக்கங்கள். குழந்தை பிறவியிலேயே மேதை என்று அது தொடங்குகிறது. பத்தாம் மாதத்தில் பேசியது, நான்கு வயதில் தேவாரம் ஓதியது, போட்டிகளில் பெற்ற கோப்பைகள், உறவினரும் மருத்துவரும் வியந்தமை ஆகியன வரிசையாக இடம்பெறுகின்றன. இத்தகைய பிள்ளையைச் சாதாரண மாணவரோடு அமர்த்துவது முறையன்று என்னும் குறிப்புடன், ‘தக்க நடவடிக்கை’ எடுக்குமாறு வேண்டிக் கடிதம் முடிகிறது.

இதனை ஒரு பனுவலாகக் கொண்டு படித்தால் மூன்று குறைகள் புலனாகும். முதலாவது, பெயரடைகள் மிகுதி, வினைகள் குறைவு. குழந்தை எத்தகையது என்பது கூறப்படுகிறது. எதைச் செய்கிறது என்பது கூறப்படவில்லை. இரண்டாவது, சான்றுகள் யாவும் கடந்த காலத்தவை. இன்றைய வகுப்பறையோடு தொடர்பற்றவை. மூன்றாவது, கோரிக்கை எதுவெனத் தெளிவில்லை. அத்துடன், ‘சாதாரண மாணவர்’ என்னும் தொடர் கடிதத்தைப் படிக்கும் ஆசிரியரையும், அவர் நாள்தோறும் கற்பிக்கும் பிற குழந்தைகளையும் ஒருசேரச் சிறுமைப்படுத்துகிறது. பள்ளி இரண்டே வரிகளில் விடையளித்தது. வயதுக்கேற்ற வகுப்பே விதி என்பதும், பிள்ளை பிள்ளையாகவே வளரட்டும் என்பதுமே அவ்விடை. பெற்றோர் புண்பட்டனர். ஆனால், அக்கடிதத்திற்கு அதைவிடச் சிறந்த விடை கிடைத்திருக்க வழியில்லை.

இரண்டாம் கடிதம் வகுப்பாசிரியையின் துணையுடன் ஆறு வாரங்கள் கழித்து எழுதப்பட்டது. அது ஒரே பக்கம். குழந்தை மூன்றாம் ஆண்டுத் தமிழ்ப் பாடநூலில் முன்பின் அறியாத மூன்று பகுதிகளை வாசித்துக் கருத்துணர் வினாக்களுக்கு விடையளித்தது, விடைத்தாள்கள் இணைக்கப்பட்டன. கணிதத்தில் இரண்டாம் ஆண்டுக்குரிய கூட்டல், கழித்தல், பெருக்கல் வாய்பாடு ஆகியவற்றில் தேர்ச்சி இருந்தது. வகுத்தலில் தடுமாற்றம் இருந்தது. மலாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் அது தன் வகுப்பினரை ஒத்தே இருந்தது. எழுதும் வேகம் குறைவு. கை விரைவில் சோர்ந்துவிடுகிறது. இக்குறைகளும் மறைக்கப்படவில்லை. கோரிக்கை ஒன்றே: கிழமைக்கு நான்கு பாடவேளை தமிழுக்கு மூன்றாம் ஆண்டு வகுப்பிலும், கணிதத்திற்கு இரண்டாம் ஆண்டு வகுப்பிலும் மூன்று மாதச் சோதனைக் காலத்திற்கு அமர அனுமதி. பின்னர் ஆசிரியர்கள் கூடி மதிப்பிட்டு, தொடர்வதா நிறுத்துவதா என முடிவு செய்யலாம்.

இக்கடிதத்தில் ‘மேதை’ என்னும் சொல் ஓரிடத்தும் இல்லை. கோரிக்கை ஏற்கப்பட்டது. தமிழ் வகுப்பில் குழந்தை நன்கு பொருந்தியது. கணிதத்தில் எழுத்துவேகம் தடையாயிற்று. இரண்டு மாதங்களுக்குப் பின் தன் வகுப்புக்கே திரும்பித் தனிப் பயிற்சித்தாள்களைச் செய்தது. இதனைத் தோல்வி என்று நாம் கருதவில்லை. எது பொருந்தும், எது பொருந்தாது என்பது தெரியவந்ததே அச்சோதனையின் பயன்.

முதற்கடிதம் பிள்ளைத்தமிழின் வழித்தோன்றல். இரண்டாவது நன்னூலின் வழித்தோன்றல் எனலாம். குழந்தையின் மீது அன்பு இரண்டிலும் உண்டு. ஆசிரியர் செயற்படுவதற்கு இடந்தருவது இரண்டாவதே.

பி.டி.எஸ். தேர்வும் மூடிய வாயிலும்

தனியொரு கடிதத்தின் மொழியை மட்டும் குறைகூறி நிற்பது நேர்மையாகாது. அக்கடிதம் சென்று சேரும் அமைப்பையும் ஆராய வேண்டும்.

மலேசியாவின் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், தொடக்கக் கல்வியை ஆறாண்டுக்கு உரியதாக வகுத்து, அதனை ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் முடிக்கலாம் என்றும் இடந்தந்தது. விரைந்து கற்போர்க்கு ஓராண்டு குறைவு, மெல்லக் கற்போர்க்கு ஓராண்டு மிகுதி என்னும் நெகிழ்ச்சி சட்டத்திலேயே உண்டு என்பது நம் ஆசிரியர் பலர் கருத்தில் கொள்ளாத செய்தி. இதன் முற்பகுதியை நடைமுறைப்படுத்தியதே படிநிலை ஒன்று மதிப்பீடு எனப்பட்ட பி.டி.எஸ். தேர்வு. 1996 முதல் 2000 வரை மூன்றாம் ஆண்டு மாணவர் இத்தேர்வை எழுதினர். தேர்ச்சி பெற்றோர், பெற்றோர் இசைவுடன், நான்காம் ஆண்டைக் கடந்து நேரே ஐந்தாம் ஆண்டுக்குச் செல்ல முடிந்தது. 2001-இல் இத்தேர்வு நிறுத்தப்பட்டது.

இத்திட்டத்தின் அடிப்படைக் குறை, திறத்தை ஒரே நாளில் ஒரே தேர்வால் அளந்ததும், அதற்குரிய விடையாக ஒரே வழியை மட்டும் வைத்ததுமாகும். ஓராண்டை முழுமையாகத் தாண்டு. அன்றேல் இருந்த இடத்திலேயே இரு என்பதே அது முன்வைத்த தெரிவு. தேர்வு என்றாகிவிட்டபின் பயிற்சிநூல்களும் தனிப்பயிற்சி வகுப்புகளும் பெருகின. குழந்தையின் தேவையை அறியப் பிறந்த கருவி, பெற்றோரின் பெருமிதத்திற்கு உரிய பந்தயமாக மாறிற்று. வியப்பின் மொழி இங்கு மதிப்பெண்ணாக வடிவெடுத்தது என்றே நாம் இதனைப் படிக்கிறோம்.

தேர்வை நிறுத்தியது தவறென்று நாம் வாதிட வரவில்லை. தேர்வு நிறுத்தப்பட்டபோது அதனிடத்தில் வேறொரு வழி திறக்கப்படாததே நம் குறை. பூட்டு பழுதாயிற்று என்பதற்காக வாயிலையே சுவராக்கியது போன்றது இது. 2009-ஆம் ஆண்டு முதல் பாங்கியிலுள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் பெர்மாத்தா பிந்தார் விடுமுறை முகாம்கள் நடைபெறலாயின. பின்னர் அங்குக் கல்லூரியும் உருவானது. இம்முயற்சிகள் போற்றத்தக்கவை. எனினும், தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டு வகுப்பில் நாள்தோறும் நிகழ்வதை விடுமுறை முகாம் மாற்றிவிடாது.

2011-இல் அறிமுகமான தர அடிப்படையிலான கலைத்திட்டத்தின் வழிவந்த வகுப்பறை மதிப்பீடு, மாணவர் தேர்ச்சியை 6 அடைவுநிலைகளாகக் காட்டியது. ஒரு நாள் தேர்வைவிட இது மேலானது. ஆயினும் ஆறாம் அடைவுநிலை என்பது அவ்வாண்டுக்குரிய தரத்தில் மாணவர் சிறந்து விளங்குகிறார் என்பதையே உணர்த்தும். அடுத்த ஆண்டுக்குரியதும் அவருக்குத் தெரியுமா என்பதை உணர்த்தாது. கூரையைத் தொட்டு நிற்கும் பிள்ளையின் உயரத்தைக் கூரையைக் கொண்டு அளக்க இயலாது. ஆதலின், பரிந்துரை செய்யும் ஆசிரியர் மேலாண்டுப் பாடப்பகுதியைக் கொடுத்துப் பார்ப்பது இன்றியமையாதது. இரண்டாம் கடிதத்தின் வலிமை இதிலேயே அமைந்திருந்தது.

சிங்கப்பூர்ப் பட்டறிவு

சிங்கப்பூர் வேறொரு வழியைத் தேர்ந்தது. 1984-இல் தொடங்கிய மீத்திறன் கல்வித் திட்டத்தில், தொடக்கநிலை மூன்றில் நடத்தப்பட்ட இருகட்டத் தேர்வின்வழி ஏறத்தாழ 1 விழுக்காட்டு மாணவர் தெரிவு செய்யப்பட்டு, குறிப்பிட்ட சில பள்ளிகளில் தனி வகுப்பாகப் பயின்றனர். பிற்காலத்தில் அத்தகைய தொடக்கப்பள்ளிகள் ஒன்பது. ஆங்கிலம், கணிதம், பொதுத்திறன் ஆகியவையே அத்தேர்வின் கூறுகள். தாய்மொழி அதில் இடம்பெறவில்லை. தமிழில் பெருந்திறம் காட்டிய குழந்தை அத்திறத்தின் பொருட்டு மீத்திறன் மாணவராக அடையாளங்காணப்பட வாய்ப்பில்லாமலிருந்தது. அதற்கெனப் பிற்பாடு உயர்தமிழ் இருந்தது உண்மையே. ஆயினும் ஏழு, எட்டு வயதில் தமிழில் முந்தி நிற்கும் குழந்தைக்கு அது காலந்தாழ்ந்த விடை.

2024 ஆகஸ்டில் தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங், இத்திட்டம் அதன் அன்றைய வடிவில் நிறைவுறும் என்றும், உயர்திறன் மாணவரை ஒவ்வொரு தொடக்கப்பள்ளியும் தன்னகத்தே வளர்க்கும் என்றும் அறிவித்தார். ‘மீத்திறன் மாணவர் யார்?’ என்னும் வினாவிலிருந்து ‘இம்மாணவருக்கு எப்பாடத்தில் எது தேவை?’ என்னும் வினாவை நோக்கிய நகர்வாக இதனை நாம் கொள்கிறோம். 2008-இல் இ.எம்.3 என்னும் பிரிவு நீங்கிப் பாட அடிப்படையிலான வகைப்பாடு வந்தபோதே இந்நகர்வு தொடங்கிவிட்டது எனலாம். ஒரு மாணவர் ஒரு பாடத்தில் முந்தியும் மற்றொன்றில் பிந்தியும் இருப்பது இயல்பு என்பதை அவ்வகைப்பாடு ஏற்றுக்கொண்டது. புதிய ஏற்பாட்டில் தமிழுக்கு உரிய இடம் யாது என்பதைச் சிங்கப்பூர்த் தமிழாசிரியர்கள் தொடக்கத்திலேயே கேட்டுப் பெற வேண்டும்.

ஆய்வு முடிவுகளும் தமிழ்ப்பள்ளியின் தனிநிலையும்

வகுப்பேற்றம் குழந்தையின் மனத்தைக் கெடுத்துவிடும் என்பது பள்ளிகள் கூறும் முதன்மையான தடை. அயோவா பல்கலைக்கழகத்தினின்று 2004-இல் கொலாஞ்சலோ, அசூலின், குரோஸ் ஆகிய மூவர் வெளியிட்ட இருதொகுதி அறிக்கை, பல்லாண்டு ஆய்வுகளைத் தொகுத்து இவ்வச்சத்திற்குப் போதிய சான்றில்லை என முடிவு கூறியது. தக்கவாறு தெரிவு செய்யப்பட்டு முன்னேற்றப்பட்ட மாணவர், ஒத்த வயதும் ஒத்த திறனும் கொண்டு முன்னேற்றப்படாதவரைவிடக் கல்வியில் ஏறத்தாழ ஓராண்டு முந்தி நின்றனர் என்பது அதில் எடுத்துக்காட்டப்பட்ட முடிவுகளுள் ஒன்று. காத்திருப்பதற்கும் விலை உண்டு. மிகுதிறன் மாணவர் பள்ளி நேரத்தில் பெரும்பகுதியை வீணே கழிக்கின்றனர் என லீட்டா ஹாலிங்வொர்த் தம் மறைவுக்குப் பின் 1942-இல் வெளிவந்த நூலிலேயே பதிவு செய்துள்ளார்.

எனினும், இவை பெரும்பாலும் ஒருமொழி வகுப்பறைகளில் கண்ட முடிவுகள். நம் தமிழ்ப்பள்ளி மாணவர் மும்மொழி பயில்வோர். தமிழில் ஈராண்டு முந்தியிருக்கும் குழந்தை மலாய்மொழியில் தன் வகுப்பளவில் இருப்பது இயல்பு. அத்தகைய குழந்தையை முழுமையாக மேல் வகுப்புக்கு ஏற்றுவது, பலத்தின் பெயரால் பலவீனத்தைப் பெருக்குவதாகிவிடும். மேலும், ஆறாண்டுத் தமிழ்வழிக் கல்வியில் ஓராண்டைக் குறைப்பது, பிள்ளை தமிழ்ச்சூழலில் வாழும் காலத்தையே குறைப்பதாகும். இடைநிலைப் பள்ளியில் குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் வேண்டினால்தான் தமிழ் வகுப்பு என்னும் நிலையில் இவ்விழப்பு சிறிதன்று. ஆகவே, முழு வகுப்பேற்றத்தைக் காட்டிலும் பாடவாரி முன்னேற்றமே நமக்குப் பெரிதும் ஏற்றது என்பது நம் துணிபு.

பாடவாரி முன்னேற்றத்திற்குத் தமிழ்ப்பள்ளியில் எதிர்பாராத வசதியும் உண்டு. மாணவர் எண்ணிக்கை 30-க்கும் குறைந்த பள்ளிகளில் ஈராண்டு மாணவரை ஒரே வகுப்பாக இணைத்துக் கற்பிக்கும் வழக்கம் உள்ளது. இதனை நாம் எப்போதும் குறையாகவே பேசிவந்துள்ளோம். பல வகையில் குறையே. ஆயினும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளை நான்காம் ஆண்டுப் பாடத்தை அதே அறையில் அமர்ந்து கேட்க முடிகிறது. எந்த விண்ணப்பமும் வேண்டியதில்லை. சிறிய பள்ளிக்கு வேறோர் இடரும் உண்டு. அயோவா அறிஞர் வகுத்த வகுப்பேற்ற அளவுகோல், அண்ணனோ அக்காளோ பயிலும் வகுப்புக்கு இளையவரை ஏற்றலாகாது எனத் தடைவிதிக்கிறது; குழந்தைக்கே விருப்பமில்லையெனில் ஏற்றலாகாது என்றும் கூறுகிறது. உடன்பிறந்தோர் அடுத்தடுத்த வகுப்புகளில் பயிலும் சிறிய பள்ளிகளில் இவ்விரண்டையும் கட்டாயம் கருத வேண்டும். பரிந்துரைக் கடிதங்களில் பெற்றோர் குரலும் ஆசிரியர் குரலும் கேட்கின்றன. குழந்தையின் குரல் கேட்பதேயில்லை. நாம் மேலே பாராட்டிய இரண்டாம் கடிதத்திலும் அது இல்லை.

முடிவுரை

இரண்டாம் கடிதத்தின் பின்கதையைக் கூறாமல் இக்கட்டுரையை முடிப்பது முறையன்று. மறு ஆண்டில் அவ்வகுப்பாசிரியை வேறு பள்ளிக்கு மாற்றலானார். ஏற்பாடு எழுத்தில் பதியப்பட்டிருக்கவில்லை. புதிய ஆசிரியருக்கு அதுபற்றித் தெரியாது. கால அட்டவணையும் மாறிவிட்டது. குழந்தை மீண்டும் தன் வகுப்பின் தமிழ்ப் பாடத்திற்கே திரும்பியது. எவரும் தீங்கிழைக்கவில்லை, எவரையும் குறைகூறவும் இயலாது. தனியொருவரின் நல்லெண்ணத்தை நம்பி நின்ற ஏற்பாடு அவரோடு சென்றுவிட்டது.

ஆகவே, பரிந்துரையின் மொழி திருந்தினால் மட்டும் போதாது. அது பதிவாகவும் வேண்டும். குழந்தை எதைச் செய்கிறது, எதில் தடுமாறுகிறது, எது கோரப்படுகிறது, எத்தனை காலத்திற்கு, யார் எப்போது மதிப்பிடுவர், குழந்தை என்ன சொல்கிறது ஆகிய ஆறும் அடங்கிய ஒருபக்கக் குறிப்பைத் தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், பெற்றோர் மூவரும் ஒப்பமிட்டு மாணவர் கோப்பில் வைத்தல் வேண்டும். இதற்கு அமைச்சின் ஆணை தேவையில்லை. தமிழ்ப்பள்ளிகள் தாமே தொடங்கலாம். ஆசிரியர் பயிற்சியிலும் குறைநீக்கல் கற்பித்தலுக்குத் தரும் இடத்தில் ஒரு பகுதியேனும் இதற்குத் தருதல் நன்று.

திறமுள்ள பிள்ளையைத் தமிழ்ப்பள்ளி தாங்காது என்னும் எண்ணம் நம் பெற்றோரிடையே வேரூன்றியுள்ளது. அதனை மேடையில் மறுத்துப் பயனில்லை. முதலாம் ஆண்டில் முந்தி நிற்கும் ஒரு குழந்தைக்கு நாளைக்கு எந்தப் பாடம் என்று சொல்ல முடிகின்ற பள்ளியே அதனை மறுக்க வல்லது. அக்குழந்தை இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கிறது. அதன் கோப்பில் வைக்கப்பட வேண்டிய தாள் இன்னும் எழுதப்படவில்லை.